சதவீதம் பாய்வதில்லை, தண்ணீர்தான் பாய்கிறது

தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாயால் சாத்தான்குளம் வட்டாரம் எப்படிச் செழிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கட்டுரை ஒன்று இங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் படித்தவர். ஊர்மேல் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போட்டிருக்கும் கணக்கு அடியிலிருந்து முடி வரை தப்பு. அந்தக் கணக்கை நம்பி ஒருவர் கூடுதலாக ஓர் ஏக்கர் வாழை வைத்தாலும் நட்டம் அவருடையது, கட்டுரையாளருடையது அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வாதம் இது. தாமிரபரணியில் ஆண்டுக்கு 13,758 மில்லியன் கனஅடி வெள்ளநீர் வீணாகக் கடலுக்குப் போகிறது. அதில் சுமார் 20 சதவீதம், அதாவது 2,765 மில்லியன் கனஅடி, இனி ஆண்டுதோறும் இங்கே வரும். அது 252 குளங்களுக்கும் 5,220 கிணறுகளுக்கும் விகிதப்படி பிரியும். குளம் எத்தனை சதவீதம் நிறைகிறதோ அத்தனை சதவீதம் நிலத்தடி நீர் உயரும். உயர்ந்த சதவீதத்தை நாம் இறைத்துக்கொண்டால் வரவும் செலவும் நேராகிவிடும். இதற்கு ‘அமைப்பு இயங்கியல்’ என்று பெயர் வைத்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜே ஃபாரஸ்டர் பெயரையும் துணைக்கு அழைத்திருக்கிறார்.

முதலில் அந்தப் பெயருக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லிவிடுகிறேன். ஃபாரஸ்டர் 1950-களில் தொடங்கி, 1961-இல் நூலாக்கிய முறைக்கு அடிப்படை இரண்டே பொருள்கள். ஒன்று இருப்பு: குளத்தில் நிற்கும் நீர், நிலத்தடியில் தேங்கிய நீர், கடலில் உள்ள மீன். மற்றொன்று ஓட்டம்: ஓர் இருப்பிலிருந்து இன்னோர் இருப்புக்கு ஒரு நாளில் எவ்வளவு போகிறது என்பது. இருப்பை மாற்றக்கூடியது ஓட்டம் ஒன்றுதான். ஓட்டத்தைச் சதவீதத்தில் சொன்னால், எந்த இருப்பில் சதவீதம், எத்தனை நாளைக்குச் சதவீதம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கட்டுரையாளர் ஓரிடத்தில்கூட இரண்டையும் சொல்லவில்லை. ஆற்றின் சதவீதம், குளத்தின் சதவீதம், நிலத்தடியின் சதவீதம் மூன்றையும் ஒரே எண்ணாகப் பாவித்துக் கூட்டிக் கழித்திருக்கிறார். மாதச் சம்பளக்காரரின் 10 சதவீதமும் மொத்த வியாபாரியின் 10 சதவீதமும் ஒரே தொகை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

எளிய எண்ணில் பார்ப்போம். குளத்தில் 100 பங்கு நீர், அதன் கீழே நிலத்தடியில் 1,000 பங்கு நீர் என்று வைத்துக்கொள்வோம். குளத்திலிருந்து நாளைக்கு 10 சதவீதம் கீழே இறங்குகிறது. கீழிருந்து 10 சதவீதம் வெளியே போகிறது. கட்டுரையாளர் கணக்கில் இது சமன். உண்மையில் உள்ளே போனது 10 பங்கு, வெளியே போனது 100 பங்கு. ஒரே நாளில் நிலத்தடி 90 பங்கு இழந்துவிட்டது. வெளியே போவது 1 சதவீதமாக இருந்திருந்தால்தான் பத்துக்குப் பத்து சரியாகியிருக்கும். சதவீதம் சமமாக இருப்பதால் சமநிலை வராது. ஓடும் அளவு சமமாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கை அவர் போடவில்லை. போட்டிருந்தால் கட்டுரையின் கடைசிப் பாதியை எழுதியிருக்க மாட்டார்.

அடுத்தது அந்த 20 சதவீதம். 2,765 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. வெள்ளநீர்க் கால்வாயின் கொள்ளளவு விநாடிக்கு 3,200 கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் நாளொன்றுக்கு 276.48 மில்லியன் கனஅடி. அதைப் பத்தால் பெருக்குங்கள்: 2,764.8. திட்டத்தின் மொத்த நீரும் பத்து நாள் கால்வாய் முட்ட முட்ட ஓடினால் வருகிற நீருக்குச் சமம். ஆற்று வெள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று எந்த மதகும் அளந்து திறந்துவிடப் போவதில்லை. வெள்ளம் எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

நம் வெள்ளம் நிற்கிற வெள்ளமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி போகிறது என்று வைத்துக்கொண்டாலும், கால்வாய்க்குள் நுழையக்கூடியது 3,200. அது 3.2 சதவீதம். ஆற்றில் 16,000 கனஅடி நிதானமாக ஓடும் நாளில்தான் அது 20 சதவீதம் ஆகும். ஆறு பெருகப் பெருகக் கால்வாயின் பங்கு குறையும். ஆற்று நீர் இரட்டித்தால் நமக்கு வருவதும் இரட்டிக்கும் என்ற அவருடைய நேர்கோடு, கால்வாய் நிறைந்த கணமே முறிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அங்கே வெள்ளம் வரும் நாளில் இங்கே வெயிலா காய்கிறது? தாமிரபரணியில் வெள்ளம் கொண்டுவருவதும் வடகிழக்குப் பருவமழை, சாத்தான்குளத்துக் குளங்களை நிரப்புவதும் அதே மழை. நல்ல வெள்ள ஆண்டில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து 75 கிலோமீட்டர் கடந்து எம்.எல்.தேரிக்குத் தண்ணீர் வந்து சேரும்போது, பாதிக் குளங்கள் ஏற்கெனவே மறுகால் பாய்ந்துகொண்டிருக்கும். ஓட்டத்தைத் தீர்மானிப்பது கொடுக்கும் இருப்பு மட்டுமல்ல, வாங்கும் இருப்பில் உள்ள காலி இடமும்தான். குளம் தேடுகிற வறட்சி ஆண்டில் ஆற்றில் வெள்ளம் இருக்காது. நடுவாந்தர ஆண்டுகளில்தான் இந்தக் கால்வாய் தன் முழுப் பயனைக் காட்டும். கட்டுரையின் அட்டவணையில் ‘ஆண்டுதோறும்’ என்று எழுதியது பொறுப்பில்லாத செயல்.

முழு 2,765-உம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திட்டத்தில் சொல்லும் பாசனப் பரப்பு 23,040 ஹெக்டேர். நீரைப் பரப்பால் வகுத்தால் நிலத்தின்மேல் 34 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். நம் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரி சுமார் 65 சென்டிமீட்டர். ஒரு சொட்டு ஆவியாகாமல், ஒரு சொட்டு கரை உடைத்துப் போகாமல் இரண்டையும் கூட்டினாலும் ஒரு மீட்டரை எட்டவில்லை. வாழைக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும். அத்தனை பரப்பிலும் வாழை போடலாம் என்று ஆசை காட்டும் கட்டுரை, இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் விட்டதை எப்படி மன்னிப்பது? முருங்கைக்கும் பனைக்கும் பழகிய மண் இது. அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

இனி குளத்திலிருந்து நிலத்துக்குள் நீர் இறங்கும் விஷயம். நாளைக்கு 5 சதவீதம் ஊறுகிறது என்றால் 20 நாளில் குளம் முழுவதும் நிலத்தடியில் சேர்ந்துவிடும் என்கிறார். முதல் நாள் 100-இல் 5. மறுநாள் 95-இல் 5 சதவீதம், அதாவது 4.75. இப்படியே போனால் பதினான்காம் நாள் பாதி, இருபதாம் நாளில்கூட 36 பங்கு குளத்தில்தான் நிற்கும். இருப்பு குறையக் குறைய ஓட்டமும் குறையும் என்பதுதான் விகித ஓட்டத்தின் முதல் பாடம். அந்த 36 பங்கு என்ன ஆகும்? வெயில் குடித்துவிடும். நீர் ஆவியாவது குளத்தின் கொள்ளளவைப் பார்த்து அல்ல, பரந்து கிடக்கும் பரப்பைப் பார்த்து. புத்தன்தருவை, வைரவன்தருவைக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஆழம் குறைவு, அகலம் கண்ணுக்கெட்டும் தூரம். கடைசியில் முழங்கால் மட்டத்துக்குக் கிடக்கும் நீரில் மண்ணுக்குப் போவதைவிட வானத்துக்குப் போவது அதிகம்.

அந்த 5 சதவீதமும் எல்லாக் குளத்துக்கும் ஒன்றல்ல. தேரிச் செம்மணலில் ஊற்றிய நீர் நின்று பார்க்காமல் உள்ளே போகும். வண்டல் படிந்து இறுகிய குளத்தில் நாள்கணக்காக நிற்கும். ஊறும் வேகம் மேலே நிற்கும் நீருக்கும் கீழே உள்ள நீர்மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளைச் சோதித்த ஹென்றி டார்சி 1856-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். கீழ்மட்டம் ஏறிவிட்டால் ஊறுவது தானாக மந்தமாகும். எனவே 252 குளங்களுக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டுப் பெருக்கியது, ஒரு குளத்தைக்கூட நேரில் போய்ப் பார்க்காதவர் செய்யும் வேலை.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இறைப்பைப் பற்றியது. நீர்மட்டம் இறங்கினால் விவசாயி அதே விகிதத்தில் இறைப்பைக் குறைத்துக்கொள்வார், ஆகவே அமைப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார். எந்த ஊரில் பார்த்தார்? ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு இருப்பு தெரியாது. பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடினால் கூடுதல் செலவு இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் குழாயை இறக்குவார்கள்; அதற்கும் எட்டவில்லை என்றால் உள்ளே போர் போடுவார்கள்; பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் இருபது அடி ஆழமாகப் போடுவார். மட்டம் இறங்க இறங்க இறைப்புக்கான முயற்சி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. குறைக்கும் சக்கரம் ஓடவேண்டிய இடத்தில் கூட்டும் சக்கரம் ஓடுகிறது. இதைச் சொன்னால் விவசாயியைக் குறை சொல்வதாக ஆகிவிடும் என்று நம் விவசாயச் சங்கத்துக்காரர்கள் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். கடனும் பயிரும் கழுத்தில் நிற்கும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள். தனி ஒருவரின் குற்றம் இல்லை. ஆனால் நடப்பதை நடப்பதாகக் காட்டாத மாதிரிக் கணக்கு யாருக்கு உதவும்?

கடலோரத்துக்கு வருவோம். பெரியதாழை, படுக்கப்பத்து, உடன்குடிப் பக்கத்துத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாயின் துளைகளைக் குனிந்து பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். வாழை இலையின் விளிம்பு தீய்ந்து சுருளும். முதலில் தென்னங்குரும்பை உதிரும், பிறகு கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வார்கள். இதற்கு எந்தச் சதவீதம் பொறுப்பு என்று கட்டுரையாளர் சொல்லவேயில்லை. ஏனென்றால் கடல் என்ற இருப்பே அவர் மாதிரியில் இல்லை.

நன்னீர் கடல்நீரைவிட லேசு. ஒன்றுக்கு ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து என்பது அடர்த்தி வித்தியாசம். அதனால் கடற்கரையோரம் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் கைபெனும், 1901-இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுசொன்ன விதி இது. இதைத் திருப்பிப் படியுங்கள்: மேலே ஒரு மீட்டர் இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏற இடம் கிடைக்கிறது. அது ஒரே நாளில் ஏறாது, ஆண்டுகள் எடுக்கும். அதனால்தான் ஆபத்து அதிகம். தவறு செய்த ஆண்டில் கிணறு நன்றாகவே இருக்கும், பின்னால் வரும் நல்ல மழையாண்டில் உப்புக் கரிக்கும். பிறகு கால்வாயில் நீர் விட்டாலும் ஏறின வேகத்தில் உப்பு இறங்காது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே விகிதம் என்று நினைப்பவர் கடலோரத்துக்குக் கணக்கு எழுதக் கூடாது.

கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற முதல் வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். புன்னைக்காயலில் ஆறு கடலைச் சேருகிற இடத்தில் மீன்பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களிடம் போய் அந்த வரியைப் படித்துக் காட்டட்டும். முகத்துவாரத்து உவர்நீரும் அலையாத்தியும் மீன்குஞ்சும் கரைக்கு வரும் மணலும் ஆறு கொடுப்பவை. ஓர் இருப்பிலிருந்து எடுத்தது இன்னோர் இருப்பில் குறைந்தே தீரும். நமக்கு 2,765 வேண்டும் என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். கேட்கும்போது அது எங்கோ யாருக்கும் பயன்படாமல் கிடந்தது என்று சொல்லக் கூடாது. 1873-இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே உள்ள கடைமடைக்காரர்களும் அந்த வெள்ளத்தை நம்பித்தான் குளம் நிரப்புகிறார்கள்.

எடுத்த விகிதத்தில் திரும்பி வரும் என்ற நம்பிக்கையின் முடிவை இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. தூத்துக்குடி முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சிப்பி கிடக்கும் கடலடிப் பாரில் ஆட்களை முங்கவிட்டுச் சிப்பி எத்தனை, முதிர்ச்சி எப்படி என்று பார்த்த பிறகுதான் சலாபம் கூறுவார்கள். ஒரு பாரில் ஓராண்டு அள்ளக் குறையாமல் கிடக்கும் சிப்பி மறுமுறை பார்க்கும்போது ஒன்றுகூட இல்லாமல் போனதுண்டு. 1955-இல் தொடங்கி ஆண்டுக்காண்டு நடந்து 1961-இல் முடிந்த சலாபம்தான் கடைசி. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த இருப்பு சலாபம் கூறும் அளவுக்குத் திரும்பவில்லை. அளந்து பார்த்துக் கூறிய சலாபத்துக்கே இந்த நிலை. நாமோ கிணற்றை அளக்காமலேயே வாழைக்கு நாள் குறிக்கச் சொல்கிறோம்.

என்னைக் கால்வாய்க்கு எதிரி என்று எழுதுவார்கள் என்பது தெரியும். 2009-இல் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து இந்தக் கால்வாயை எதிர்பார்த்திருக்கும் ஊர் இது. செலவு ரூபாய் 369 கோடியில் தொடங்கி ஆயிரம் கோடியைத் தாண்டிய பிறகு, 2024 தொடக்கத்தில் சோதனை ஓட்டத் தண்ணீர் வந்தபோது அந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கால்வாய் வேண்டும் என்பதால்தான் பொய்க் கணக்கு வேண்டாம் என்கிறேன். இன்று 20 சதவீதம் வரும் என்று சொல்லி, நான்கு ஆண்டு கழித்து அது வராதபோது, கால்வாயே தோல்வி என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பராமரிப்புப் பணத்தை நிறுத்த அவர்களுக்கு இந்தக் கட்டுரையே ஆதாரமாகிவிடும்.

சரியான கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆறு, கால்வாய், குளம், நிலத்தடி, கடல் என்று ஐந்து இருப்புகளையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் நாளைக்கு எத்தனை கனமீட்டர் என்று ஓட்டத்தை எழுத வேண்டும். கால்வாய்க்கு 3,200 என்ற உச்சவரம்பு வேண்டும். குளத்துக்கு மறுகால் மட்டம் வேண்டும். இறைப்பை நீர்மட்டத்தின் சதவீதமாகப் போடாமல், உண்மையில் ஓடும் மோட்டார் மணிகளாகப் போட வேண்டும். மாதக்கணக்கில் கூட்டாமல் நாள்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாளைக்கு 5 சதவீதம் என்பதை மாதத்துக்கு 150 சதவீதம் என்று பெருக்கினால் குளத்தில் இல்லாத நீரும் போய்விட்டதாகக் கணக்கு வரும். உண்மையில் போவது 78 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்படி ஓட்டிப் பார்த்தால், முதலில் வரும் நீரைத் தருவைகளில் நிறுத்துவதும், கடலோரப் பட்டையில் புதிய ஆழ்துளைக் கிணற்றை நிறுத்துவதும் ஒன்றையொன்று விட்டு நடக்க முடியாதவை என்பது யாருக்கும் தெரியும். முதலாவதை மட்டும் செய்தால், ஏறிய நீரைக் கூடுதல் மோட்டார்கள் அந்த ஆண்டே தீர்த்துவிடும்.

கட்டுரையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விளக்கம், திருத்தம், பின்குறிப்பு எதுவும் வேண்டாம். அது திருத்தித் தேறக்கூடிய கணக்கு அல்ல.

தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு: கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு வாழைக்கன்றுக்கு முன்பணம் கொடுக்கும் முன், கயிற்றில் கல்லைக் கட்டி உங்கள் கிணற்றை அளந்து சுவரில் தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு முறை எழுதுங்கள். கிராமசபையில் அந்த எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது சதவீதத்தோடு வந்தால், எதில் சதவீதம், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.